எல்லாருக்கும் ஒரே கிண்ணம்

(ஏப்ரல் மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் செய்முறையுடன் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக முழுமையாக வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



மேடைக்குப் பக்கத்தில் அடுப்பும் பாத்திரமும் இருப்பதைப் பார்த்து, "இன்னைக்கு விருந்தா மேடம்?" என்று பலர் கேட்டீர்கள். விருந்துதான். ஆனால் சமைத்துக்கொண்டே பேசப் போகிறோம். வெயில் காலத்தில் வீட்டிலேயே செய்யக்கூடிய, குளுகுளு என்று இருக்கக்கூடிய, சர்க்கரை மிகக் குறைவாக உள்ள ஒரு பழ இனிப்பு. ஃபிரிட்ஜ் வேண்டாம். பால் வேண்டாம். கொல்லையில் ஒரு பப்பாளி மரம் இருந்தால் செலவில் பாதி மிச்சம்.

சேமிப்பு, கடன், தணிக்கை என்று பேசுகிற கூட்டத்தில் சமையல் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இதற்கும் கடனுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கடன் பதிவேடு சொன்ன கதை

போன மாதம் சில குழுக்களின் உள்கடன் பதிவேடுகளை நாங்கள் உட்கார்ந்து வரிசையாகப் படித்தோம். 'கடன் வாங்கிய காரணம்' என்ற கட்டத்தில் முன்பெல்லாம் ஆடு வாங்க, பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டுக் கூரை என்று இருக்கும். இப்போது 'மருத்துவச் செலவு' என்பது அடிக்கடி வருகிறது. என்ன செலவு என்று கேட்டால் பிரசவமோ காய்ச்சலோ இல்லை. சுகர், கால் புண், கண் மங்கல், கிட்னி என்று சொல்கிறார்கள்.

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறோம். அவர் சம்மதம் வாங்கித்தான் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம்.

அந்த அக்காவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை நோய். குழுவில் ஒருத்தருக்கும் தெரியாது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அம்மாவுக்குச் சுகர் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் யோசிப்பார்கள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. ஆண்டு விழாவில் பாயசம் கொடுத்தால் குடித்துவிடுவார். கூட்டத்தில் டீ கொடுத்தால் எல்லாருக்கும் உள்ள அதே டீ. வீட்டில் விசேஷம் என்றால் லட்டு. மாத்திரையும் ஒழுங்காகப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாளே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப் போட்டார்.

போன வருஷம் காட்டு வேலையில் காலில் முள் ஏறியது. சுகர் பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். அவருக்கு வலியே தெரியவில்லை. பத்து நாள் கழித்துத்தான் பார்த்திருக்கிறார். அதற்குள் புண் உள்ளே போய்விட்டது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. குழுவில் கடன் வாங்கினார். வேலைக்குப் போக முடியாததால் தவணை நின்றது. அதனால் குழுவுக்குள் சண்டை.

ஒரு கிண்ணம் பாயசம் யாருடைய கால் விரலையும் எடுக்காது சகோதரிகளே. நாங்கள் அப்படிப் பயமுறுத்த வரவில்லை. ஆனால் வெட்கத்தால் மறைப்பது, மறைப்பதால் சாப்பிடுவது, சாப்பிட்டுவிட்டு மாத்திரையையும் விடுவது, இதெல்லாம் வருஷக்கணக்கில் சேர்ந்தால் அந்த இடத்தில் கொண்டுபோய் விடும்.

அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது, "இனிமே கூட்டத்துல உங்களுக்குச் சர்க்கரை இல்லாம தனியா டீ போடச் சொல்றோம் அக்கா" என்றோம். நல்லது சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னோம். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்குன்னு தனி டம்ளர் வச்சீங்கன்னா, அதுவே ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி ஆயிரும் மேடம். எல்லாரும் குடிக்கிறதை நானும் குடிக்கிற மாதிரி ஏதாச்சும் செய்ங்க."

இன்றைக்கு இந்த அடுப்பை வைத்ததற்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான்.

நம் வீட்டுச் சர்க்கரைக் கணக்கு

நமக்குக் கணக்கு எழுதத் தெரியும். சர்க்கரைக்கும் ஒரு கணக்கு எழுதிப் பார்ப்போம்.

நாம் சேர்த்துக்கொள்கிற சர்க்கரை ஒரு நாளில் சாப்பாட்டின் மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நம் பாஷையில் சொன்னால், பெரியவர்களுக்கு நாளுக்கு சுமார் 25 கிராம், அதாவது டீ ஸ்பூனால் ஆறு ஸ்பூன். வெல்லம், கருப்பட்டி, தேன், பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

காலையில் எழுந்ததும் ஒரு டீ, பத்து மணிக்கு ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன். டீயிலேயே கணக்கு முடிந்துவிட்டது. இதற்கு மேல் பிள்ளைக்கு வாங்கிய கோலாவில் ஒரு டம்ளர் குடித்தால் இன்னொரு 20 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. எட்டுப் பேருக்கு வைக்கிற பாயசத்தில் கால் கிலோ சர்க்கரை போட்டால் ஆளுக்கு 30 கிராம். எல்லாம் 'பற்று' பக்கம்தான். வரவு வைக்க ஒன்றும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது, அது வரப்போகிற நிலையில் இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று அது சொன்னது. பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி என்ற பேச்சு பழைய பேச்சாகிவிட்டது. இந்தக் கூடத்திலேயே இருக்கிறது. தெரிந்தவர்களும் இருக்கிறோம், தெரியாதவர்களும் இருக்கிறோம்.

அதனால் இனிப்பைக் குறைப்பது நோயாளிக்குக் கொடுக்கிற தண்டனை என்று நினைக்க வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துக் குறைத்தால் யாரும் தனியாக உட்கார வேண்டியதில்லை.

ஏன் கடல்பாசி?

இன்றைக்கு நாம் செய்வது பப்பாளிக் கடல்பாசி. மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டால் வெள்ளையாக, நார் நாராக ஒரு பாக்கெட் கொடுப்பார்கள். அகர் அகர் என்றும் சொல்வார்கள். பெயரில் புல் இருந்தாலும் அது புல் இல்லை, கடலில் வளர்கிற பாசி. முஸ்லிம் சகோதரிகளுக்கு இது புதுசு இல்லை. ரம்ஜான் நோன்பு திறக்கும்போது பல வீடுகளில் கடல்பாசி இருக்கும். அவர்களிடம் கேட்டால் நம்மைவிட நன்றாகச் செய்து காட்டுவார்கள்.

இந்தப் பாசிக்குப் பின்னாலும் நம்மைப் போன்ற பெண்கள் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையோரம், கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அதற்குப் பெயர்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணி, அந்தப் பெண்களை ஒன்று சேர்த்து நடத்தியதற்காக 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருதைப் பெற்றார். நம் கிண்ணத்தில் இருப்பது அப்படிப்பட்ட சகோதரிகளின் உழைப்பு.

கடல்பாசியை எடுத்ததற்கு மூன்று காரணம்.

ஒன்று, இது ஃபிரிட்ஜ் இல்லாமலேயே உறையும். காய்ச்சி இறக்கி, சூடு ஆறிவரும்போதே, சுமார் 40 டிகிரிக்குக் கீழே வந்தால் கெட்டியாகிவிடும். ஒரு தடவை உறைந்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்கெல்லாம் உருகாது. திரும்ப உருக வேண்டுமானால் 85 டிகிரி சூடு வேண்டும்.

இரண்டு, கெட்டியாக வருவதற்குச் சர்க்கரை தேவையில்லை. நாம் எவ்வளவு குறைத்தாலும் உறையும்.

மூன்று, பட்டணத்துக் கடைகளில் கிடைக்கிற ஜெல்லி பலவும் ஜெலட்டின் சேர்த்தது. அது மாட்டு எலும்பு, பன்றித் தோல் போன்றவற்றிலிருந்து எடுப்பது. அதோடு பச்சைப் பப்பாளிச் சாறோ அன்னாசியோ பட்டால் ஜெலட்டின் உறையாது. கடல்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் உட்பட எல்லாரும் சாப்பிடலாம்.

தேவையான பொருட்கள் (எட்டுச் சின்னக் கிண்ணத்துக்கு)

கடல்பாசி – 10 கிராம் பாக்கெட் ஒன்று
தண்ணீர் – மூன்றரை டம்ளர் (200 மில்லி டம்ளர்)
நன்றாகப் பழுத்த பப்பாளி – தோலும் விதையும் நீக்கியது 400 கிராம்
சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் – தலை தட்டி நான்கு டீ ஸ்பூன்
எலுமிச்சம்பழம் – அரை மூடி
ஏலக்காய் – இரண்டு
உப்பு – ஒரு சிட்டிகை

நான்கு ஸ்பூனை எட்டாகப் பிரித்தால் ஒரு கிண்ணத்துக்கு அரை ஸ்பூன் சர்க்கரை. மீதி இனிப்பு பழத்திலிருந்து வருகிறது. அதனால் பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். செங்காயாக இருந்தால் கை தானாகச் சர்க்கரை டப்பாவைத் தேடும்.

செய்முறை

1. கடல்பாசியைக் கத்தரியால் சின்னதாக வெட்டி, அளந்து வைத்த தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஊற வையுங்கள்.

2. பப்பாளியில் பாதியைக் கையாலோ மத்தாலோ நன்றாக மசித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி எட்டுக் கிண்ணத்திலும் போட்டு வையுங்கள். டம்ளரும் ஆகும், விளிம்பு வைத்த தட்டும் ஆகும்.

3. ஊறிய பாசியை அந்தத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கொதி வந்த பிறகு எட்டிலிருந்து பத்து நிமிஷம் ஆகும். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் ஒரு நார்கூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் கரையவில்லை.

4. கரைந்த பிறகு சர்க்கரை, உப்பு, ஏலக்காய்ப் பொடி சேருங்கள். ஒரு கொதி வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள்.

5. இரண்டு நிமிஷம் ஆறவிட்டு, மசித்த பப்பாளியைக் கொட்டி வேகமாகக் கலக்குங்கள். கடைசியாக எலுமிச்சைச் சாறு.

6. உடனே கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள். அசைக்காமல் வைத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் உறைந்துவிடும்.

பழத்தை அடுப்பிலேயே போட்டுக் கொதிக்க வைக்கக்கூடாது. அதிலுள்ள வைட்டமின் சி சூட்டில் பெருமளவு வீணாகிவிடும்.

முதல் தடவை எங்களுக்கு வந்த தண்ணீர்

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். முதல் தடவை அலுவலகத்தில் செய்து பார்த்தபோது எங்களுக்கு உறையவே இல்லை. மூன்று மணி நேரம் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். என்ன தப்பு என்று பார்த்தால், எலுமிச்சைச் சாற்றை ஆரம்பத்திலேயே ஊற்றிப் பாசியோடு கொதிக்க வைத்துவிட்டோம். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் பாசியின் உறையும் சக்தி போய்விடும். புளிப்பு எப்போதும் இறக்கிய பிறகுதான்.

இரண்டாவது தடவை பக்கத்துக் கடை ஃபிரிட்ஜில் வைத்திருந்த பப்பாளியை அப்படியே மசித்துப் போட்டோம். சில்லென்று பட்டதும் பாசி அங்கங்கே கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. மசித்த பழம் வெளிச்சூட்டில் இருக்க வேண்டும். அப்படித் திரண்டுவிட்டால் தூக்கிக் கொட்ட வேண்டாம். சிம்மில் வைத்து மெதுவாகச் சூடு பண்ணினால் திரும்பக் கரையும்.

மூன்றாவது தடவைதான் கிண்ணத்தைக் கவிழ்த்தால் பொத்தென்று விழுந்தது.

ஃபிரிட்ஜ் இல்லாமல் குளிர வைக்க

உறைவதற்குக் குளிர் தேவையில்லை. சாப்பிடும்போது ஜில்லென்று இருக்கத்தான் குளிர் வேண்டும். அதற்கு நம் வீட்டு வழி போதும்.

ஒரு அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரம் பானைத் தண்ணீர் ஊற்றி, கிண்ணங்களை அதில் வைத்து மூடி போடுங்கள். மேலே ஈரத் துணி. துணியின் நுனி தண்ணீரில் தொட்டுக்கொண்டிருக்கட்டும். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகப் போகும்போது சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

இன்னும் நன்றாக வேண்டுமானால் பானைக்குள் பானை. பெரிய மண்பானைக்குள் மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, நடுவில் உள்ள மணலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நைஜீரியா நாட்டில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் இந்த முறையைக் கிராமம் கிராமமாகப் பரப்பி, காய்கறி கெடாமல் காத்தார். நம் பக்கம் போல வறண்ட காற்று அடிக்கிற ஊருக்கு இது நன்றாகப் பலிக்கும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அவ்வளவு குளிராது.

இந்த முறையில் பண்டம் ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. அதனால் செய்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மறுநாளைக்கு வைக்கக்கூடாது. மீன் வண்டிக்கு வருகிற ஐஸ் கட்டியை உடைத்து உள்ளே போடவே கூடாது. அது குடிக்கிற தண்ணீரில் செய்ததா என்று நமக்குத் தெரியாது.

மாதத்துக்கு ஏற்ற பழம்

பப்பாளி வருஷம் முழுக்கக் கிடைக்கும். இப்போது நுங்கு வருகிற காலம். இளநுங்கின் தோலை நீக்கி நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீருக்குப் பதில் பாதி இளநீர் கலந்து காய்ச்சிய பாசியை வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். சர்க்கரை இரண்டு ஸ்பூன் போதும். நுங்கையும் இளநீரையும் கொதிக்கவிட வேண்டாம். பாசியைப் பாதித் தண்ணீரில் கரைத்து, இறக்கிய பிறகு, லேசாக வெதுவெதுப்பாக்கிய இளநீரைச் சேருங்கள்.

தர்பூசணியில் தண்ணீர் அதிகம். அதைச் சாறாக எடுத்தால் காய்ச்சுகிற தண்ணீரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆயக்குடிக் கொய்யா சந்தைக்கு வருகிற நாட்களில் கொய்யா. ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு. விதை பிடிக்காதவர்கள் மசித்து வடிகட்டுங்கள், ஆனால் தோலோடு மசியுங்கள். நாவல் பழமும் அருமையாக இருக்கும், நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் வந்துவிடும். கலர்ப் பொடி எதற்கும் தேவையில்லை.

நீங்கள் கேட்ட கேள்விகள்

"வெல்லம், கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதுன்னு சொல்றாங்களே?"

ஏறும் அக்கா. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கும், வாசனை இருக்கும். அதற்காக அள்ளிப் போடலாம் என்று அர்த்தமில்லை. தேனும் அப்படித்தான். எதைப் போட்டாலும் அளவு அதே நான்கு ஸ்பூன்.

"சுகர் இருக்கிறவங்க பழமே சாப்பிடக்கூடாதில்லையா?"

அளவோடு சாப்பிடலாம். முழுப் பழத்தில் நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும். அதையே சாறு பிழிந்து வடிகட்டிக் குடித்தால் வேகமாக ஏறும். அதனால்தான் துண்டும் விழுதுமாகப் போடுகிறோம். ஒரு சின்னக் கிண்ணம் போதும், சாப்பாட்டுக்கு மேலே வயிறு நிறைய வேண்டாம். கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் எந்தப் பழம், எவ்வளவு, இளநீர் குடிக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

"இதைச் சாப்பிட்டா மாத்திரையைக் குறைச்சுக்கலாமா?"

கூடாது. இது இனிப்பு, மருந்து இல்லை. நாவல் கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தினவர்களும் நமக்குத் தெரியும், பிறகு பட்ட பாடும் தெரியும். இன்னொன்றையும் ஞாபகம் வையுங்கள். மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் அந்த நேரத்தில் உடனே சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். இந்தக் கிண்ணம் அப்போது உதவாது.

"குழந்தைங்களுக்குக் குடுக்கலாமா?"

கொடுக்கலாம். சின்னக் குழந்தைக்குத் துண்டாகக் கொடுத்தால் வழுக்கித் தொண்டையில் போய் அடைக்கும். மசித்து, உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள்.

"இனிப்பே பத்தலியேம்மா, சப்புன்னு இருக்கு!"

இது ஒரு பாட்டியம்மா கேட்டது. நியாயமான கேள்வி. நாக்கு பழகின அளவைத்தான் கேட்கும். அதனால் முதல் வாரம் ஆறு ஸ்பூன் போடுங்கள். அடுத்த தடவை ஐந்து. பிறகு நான்கு. டீயிலும் இப்படியே அரை அரை ஸ்பூனாகக் குறைத்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு மாதத்தில் பாதியாகக் குறைத்துவிட்டோம். இப்போது பழைய டீயைக் கொடுத்தால் திகட்டுகிறது.

"இதைச் செஞ்சு விக்கலாமா மேடம்?"

செய்யலாம். ஆனால் விற்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கொண்டுபோகும்போது குளிரில் வைக்க வசதி வேண்டும். அது இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் வைத்து விற்க இது ஆகாது. முதலில் வீட்டில் செய்து கை பழகட்டும். ஆர்வமுள்ள குழுக்களுக்குத் தனியாகப் பயிற்சி வைப்போம்.

கிண்ணம் வந்த அன்று

போன மாதம் அந்த அக்காவின் குழுக் கூட்டத்தில்தான் இதை முதலில் கொடுத்தோம். யாருக்குச் சுகர், யாருக்கு இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே கிண்ணம். எல்லாரும் சாப்பிட்டார்கள். அவரும் சாப்பிட்டார்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார். "எனக்கு ஏழு வருஷமாச் சுகர் இருக்கு. உங்ககிட்ட மறைச்சேன். விரலை எடுத்ததும் அதுக்குத்தான். தவணை கட்டலன்னு திட்டுனீங்க. திட்டுனது தப்பில்ல, நான் சொல்லலியே" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின் வரிசையில் இருந்து ஒரு தங்கச்சி, "எனக்கும் இருக்குக்கா, மூணு வருஷமா" என்றாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு பேர். பதினாறு பேர் உள்ள குழுவில் நான்கு பேர்.

அன்றைக்கே தீர்மான நோட்டில் மூன்று தீர்மானம் எழுதினார்கள். அக்காவின் தவணையைச் சின்னத் தொகையாகப் பிரித்துக் கட்ட அனுமதித்தார்கள். கூட்டத்து டீயில் எல்லாருக்கும் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லா உறுப்பினர்களும் ஒரே நாளில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது என்று முடிவு செய்தார்கள். பரிசோதனைக்குக் காசு இல்லை. எல்லாரும் சேர்ந்து போனால் யாருக்காகப் போனோம் என்று யாரும் கேட்க முடியாது. தனியாகப் போகப் பயந்தவர்கள்கூட அன்றைக்குப் போனார்கள். அதில் இருவருக்குப் புதிதாகத் தெரியவந்திருக்கிறது. இப்போதே தெரிந்ததால் மாத்திரையோடு நிற்கும், கால் வரைக்கும் போகாது.

மகளுக்கு வரன் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லித்தான் பேசுகிறாராம். "மறைச்சு ஒரு விரலு போச்சு, இன்னொண்ணு குடுக்க முடியாது" என்கிறார்.

அடுத்த கூட்டத்துக்கு

இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் மூன்று காரியம் செய்துவிட்டு வாருங்கள்.

ஒன்று, ஒரு குழுக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து இந்தக் கடல்பாசியைச் செய்யுங்கள். உங்கள் ஊரில் என்ன பழம் கிடைக்கிறதோ அதில் செய்யுங்கள். எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.

இரண்டு, முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் பரிசோதனைக்குப் போக ஒரு தேதி குறியுங்கள். தனித்தனியாக வேண்டாம், குழுவாகப் போங்கள்.

மூன்று, வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, மிஞ்சினால் பார்க்கலாம் என்று பாத்திரத்தை வழிப்பது நம் பழக்கம். இந்தத் தடவை எட்டுக் கிண்ணம் ஊற்றும்போதே உங்கள் கிண்ணத்தையும் சேர்த்து ஊற்றுங்கள். எல்லாருக்கும் ஒரே கிண்ணம் என்றால் அதில் நாமும் உண்டு.

பேசிக்கொண்டே இருந்ததில் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. தாம்பாளத்தில் வைத்தது உறைந்திருக்கும். முன் வரிசையில் இருக்கிறவர்கள் வந்து ஆளுக்கொரு கை பிடியுங்கள், பின் வரிசையிலிருந்து கொடுத்துக்கொண்டு வருவோம்.